பட்டியலில் மூத்தது

ஒரு பொங்கல் கோலத்தின் படம் மதுரையில் ஒரு மடிக்கணினியில் இருந்தது. அதன் பிரதி லண்டனில் ஒரு சேமிப்பகத்தில் இருந்தது. இரண்டையும் சரிபார்க்க அவ்வப்போது ஒரு நிரல் வரும். பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைப்பது அதன் வழக்கம்.

அன்று திரையில் பட்டியல் விரிந்தது. மதுரைப் படத்துக்கு நேரே காலை ஏழரை என்றும், லண்டன் படத்துக்கு நேரே அதே நாள் பின்னிரவு இரண்டு மணி என்றும் இருந்தது.

"நீதான் பழசு. கிளம்பு, கிளம்பு," என்றது மதுரைப் படம்.

லண்டன் படம் தன் கோலத்தைக் காட்டியது. "என் கோலத்து மேலயும் வெயில் விழுந்திருக்கு, பாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏது வெயில்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பட்டியல்ல என்ன போட்டிருக்கோ அதுதான்."

நிரல் வந்து இரண்டையும் உற்றுப் பார்த்தது. "ரெண்டு பேரும் ஒரே நொடியில பிறந்தவங்கதான். ஒருத்தருக்கு மதுரை நேரம், இன்னொருத்தருக்கு லண்டன் நேரம் காட்டுது. அழிக்க ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு, பட்டியலைத் திருத்தாமலே போய்விட்டது.

லண்டன் படம் நிம்மதியாக மூச்சுவிட்டது. பிறகு பட்டியலை இன்னொரு முறை ஆசையாகப் பார்த்தது.

"தம்பி," என்றது. "இனிமே என்னை அண்ணான்னு கூப்பிடு."