கழலாத பேரிங்

தொழிற்சாலை வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டிய முடிவு அன்று காலை எடுக்கப்பட்டது. பம்ப்பின் தண்டில் வழுக்கிச் சுற்றும் பேரிங்கை எந்தப் பசை போட்டு ஒட்டுவது?

மாலைக்குள் பம்ப் ஓடாவிட்டால் மேனேஜரின் பதவி உயர்வு அம்போ. அதனால் அவரே கையுறை மாட்டிக்கொண்டார்.

"இருக்கறதுலயே கெட்டியான பசை எது?"

"பச்சை பாட்டில் சார். ஒட்டினா அறுத்துத்தான் எடுக்கணும்," என்றார் ஃபிட்டர் அக்கா. "கழட்டற மாதிரி வேணும்னா நீலம். ஆனா சார்..."

"கழட்டறதைப் பத்திக் கோழைங்கதான் யோசிப்பாங்க."

பச்சையைத் தாராளமாகத் தடவினார்.

"சார், ஒரு நிமிஷம்..."

"பயப்படாதீங்கம்மா." பேரிங்கைத் தண்டில் ஏற்றினார்.

"நான் சொல்ல வந்தது..."

"பசை இறுகற வரைக்கும் யாரும் பேசக் கூடாது."

அரை மணி நேரம் எல்லோரும் மௌனமாக நின்றார்கள். பிறகு மேனேஜர் இரண்டு கைகளாலும் பேரிங்கை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. கைதட்டினார்கள்.

"இப்ப சொல்லுங்கம்மா, பசையில என்ன குறை?"

"பசையைப் பத்தி நான் எங்க சார் சொன்னேன்?" ஃபிட்டர் அக்கா மேசையிலிருந்த வட்ட மூடியை எடுத்து நீட்டினார். "இது தண்டுல பேரிங்குக்குப் பின்னாடி வரணும். இதை மாட்டிட்டுத்தான் பேரிங்கை ஏத்தணும்."

மாலை வரை ஆள் மாற்றி ஆள் இழுத்தார்கள். பசை மிக நல்ல பசை.