வெள்ளிக்கிழமைக் குளிசை

இலங்கைத் தீவில் சைவ உணவு இன்னும் அழியாமல் நிற்பது தம்முடைய ஒரு வாயினால்தான் என்று வெள்ளவத்தை மயில்வாகனம் மனதார நம்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, மருந்து ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் மகள் தர்ஷிகா, டொக்டர் புதிதாக எழுதிய குளிசையை நீட்டினாள்.

“பிரஷர் நூற்றியெழுபதில நிக்குது, போடுங்கோ அப்பா. மருந்தை மூடியிருக்கிற கூடு கடற்பாசியில செய்தது. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடும். நாளுக்கு ஒண்டு போதும்.”

“வெள்ளிக்கிழமையில எனக்கு மச்சமோ? கடலுக்குள்ள கிடக்கிறதெல்லாம் மீன்ர சொந்தக்காரர்தான்!”

“அப்ப கறிக்குப் போடுற உப்பு?”

“உப்பு வேற, பிள்ளை. உயிர் போனாலும் இதை விழுங்கமாட்டன். என்ர பழைய குளிசையைக் கொண்டா. பத்து வருசமா ஒரு குறையுமில்லை.”

தர்ஷிகா பழைய குளிசையையும் கொண்டுவந்து புதியதின் பக்கத்தில் வைத்தாள்.

“இந்தாங்கோ. இதின்ர கூடு ஜெலட்டின்.”

“அதென்ன, கிழங்கோ?”

“மாட்டெலும்பை அவிச்சு எடுக்கிறது.”

மயில்வாகனம் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அதன் கீழிருந்து ஒரு கை மெல்ல நீண்டு, கடற்பாசிக் குளிசையை எடுத்துக்கொண்டு உள்ளே போனது.