இடிக்க முடியாத உயில்

“சண்டை போட வந்திருந்தா நாளைக்கு வா தாயி. இன்னைக்கு எனக்குப் பிரஷர் கூடிக் கெடக்கு” என்றார் வக்கீல் சங்கரலிங்கம். உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் அதே அறை, அதே ஆட்டம் கண்ட நாற்காலி.

சந்தனம்மாள் அவர் சொல்லாமலே உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா பேச்சிமுத்துவின் உயிலை எழுதியவர் இவர்தான். வீட்டை மீறிப் பொன்னுராஜைக் கட்டிக்கொண்ட மகளுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் அண்ணனுக்கே என்று எழுதிய உயில். அதை எதிர்த்து மதுரை ஹைகோர்ட் வரை போய்த் தோற்றிருந்தாள்.

“உயிலு எழுதணும். சுருளிப்பட்டியில எம் பேருல இருக்க திராட்சைத் தோட்டத்துக்கு.”

“எங்கிட்டயா? வேற வக்கீலே இல்லையா?”

“இருக்காக. தேனியில ஒருத்தரு ஏசிக்குள்ள உக்காந்துக்கிட்டு, கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே ஒரு உயிலு கெடக்கு, பேரை மட்டும் மாத்திக்கிரலாம் அக்கான்னாரு. கம்பத்துல ஒருத்தரு, தோட்டத்தை விக்கிறதா இருந்தா சொல்லுங்கன்னாரு. ரெண்டும் வக்கீல் இல்ல, கோட்டு மாட்டுன புரோக்கருக.”

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் பார்வை அவருடைய சாயம் பூசிய மீசையில் போய் நின்றதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

இந்த ஆளைப் பார்த்தால் இன்னுமா குமட்டுகிறது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. பொன்னுராஜ் செத்த பிறகு எல்லாம் ஆறிப்போய்விட்டதாக நினைத்திருந்தாள். ஆறவில்லை. உலர்ந்த திராட்சையைப் போலச் சுருங்கி, இனித்துக்கொண்டே உள்ளே கிடந்திருக்கிறது.

“உங்களைப் பிடிச்சுப் போயி வரல. எங்கப்பன் உயிலை நாலு வக்கீலை வச்சு இடிச்சுப் பாத்தேன். ஒரு செங்கல்லு அசையல. அதுக்காக வந்தேன்.”

அவர் முகத்தில் பெருமை எட்டிப் பார்த்தது. “அசையாது தாயி. டாக்டரையே சாட்சியாப் போட்டேன். சொத்து வாங்கப்போற உங்கண்ணனை இந்த வாசப்படிய மிதிக்க விடல, டீக்கடையிலயே நிறுத்திட்டேன். பக்கத்துல நின்னு மிரட்டி வாங்கிட்டான்னு நாளைப்பின்ன ஒருத்தரும் சொல்ல முடியாதுல்ல?”

“தெரியும். கூண்டுல நின்னு அம்புட்டையும் கேட்டவ நாந்தான.”

“பிள்ளைக எத்தனை?”

“ரெண்டு. மக சிம்ரன் திருப்பூர்ல இருக்கா. மகன் திலீபன்தான் காரோட்டிட்டு வந்தான். தெருமுனையிலயே இருடான்னுட்டேன்.”

சங்கரலிங்கம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அவனுக்குத் தெரிய வேணாங்குற.”

அவள் பையிலிருந்து தோட்டத்துப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

“புரியுது ஆத்தா. உனக்கு நடந்தது உம் மகளுக்கும் நடந்துறக் கூடாது. அன்னைக்கு அதை எழுதுன கையிதான். இதை எழுதிட்டா எனக்கும் ஒரு பிராயச்சித்தம்.” கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

அவளுக்கு இளக்காரமாக இருந்தது. காசு வாங்கிக்கொண்டு ஒருத்தியைத் தெருவில் நிறுத்திய ஆளுக்கு, இப்போது காசும் வேண்டும், அதோடு புண்ணியமும் வேண்டும். அழுகிறவன் எழுதினால் உயில் உறுதியாக இருக்குமா என்றுகூட ஒரு கணம் சந்தேகம் வந்தது.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவைத் திறந்தார். “தோட்டம் மொத்தமும் சிம்ரனுக்குத்தான?”

“ஓடிப்போன கழுதைக்கு எதுக்குய்யா தோட்டம்?”