சுவருக்கு அப்பால் கடல்

கடலின் இரைச்சல் கேட்டது. கடல் தெரியவில்லை.

இரண்டு பக்கமும் மண்சுவர்கள். மூன்று ஆள் உயரம். நடுவே நீண்டுகொண்டே போகும் ஒரு சந்து. அவளுக்கு முன்னால் மாமனார் கஸ்பார் நடந்தார். அவருக்கும் முன்னால் ஹுலியோ.

பெரு நாட்டில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் ஹுலியோதான். கப்பல் கம்பெனி அவர்களைக் கவனித்துக்கொள்ள அமர்த்தியவன். அறைக்குள்ளேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லி, இந்தப் பழைய மண் நகரத்தைக் காட்டக் கூட்டிவந்திருந்தான். அவர்களை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வதென்று அவனுக்கும் தெரியவில்லை போலும்.

அலை முரண்டு பிடித்த ஒரு காலையில், கப்பலிலிருந்து கயிற்றேணியில் படகுக்கு இறங்கும்போது மாலுமியான அவள் கணவன் ரெமிஜியஸ் இந்தக் கடலில் விழுந்தான்.

அன்றிலிருந்து தேடுகிறார்கள்.

சொந்த ஊர் மணப்பாட்டிலிருந்து வந்து இறங்கியதும் கஸ்பார் கேட்டது ஒன்றுதான். தேடப் போகும் படகில் தன்னையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். அவர் ஆயுசு முழுக்கக் கடலுக்குப் போனவர் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். ஹுலியோ அதை ஸ்பானிஷில் சொன்னான். துறைமுக அதிகாரி மரியாதையோடு தலையசைத்து, அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறவள் அவள். இங்கே வந்தபின் அதுவே அவள் வேலையாகிவிட்டது. யாரோ பேசுவதை வாங்கி மாமனாரிடம் கொடுப்பது. 'உடல்' என்று ஹுலியோ சொல்லும் இடத்தில் மட்டும் அவள் 'அவரு' என்று மாற்றிக்கொள்வாள்.

சந்து திரும்பியது.

சுவர் முழுக்க மீன்கள்.

எந்தக் காலத்திலோ, யாரோ, ஈர மண்ணில் வரிசை வரிசையாகச் செதுக்கியவை. அவற்றுக்குக் கீழே வலை. கண்ணி கண்ணியாக, கோணல் இல்லாமல்.

கஸ்பார் நின்றுவிட்டார்.

ஒரு கண்ணிக்குள் விரலை விட்டார். பிறகு இரண்டு விரல். என்ன மீனுக்குக் கட்டிய வலை என்று பார்க்கிறார். வந்த நாளிலிருந்து அவர் முகம் இப்படிக் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்து அவள் பார்க்கவில்லை.

ஹுலியோவின் போன் அடித்தது.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினான். அதிகம் பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.



பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னான். முதல் தடவையே புரிந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு தடவை சொல்ல வைத்தாள்.

தேடுவதை இன்றோடு நிறுத்திவிட்டார்களாம்.

எங்கிருந்தோ விசில். காவலாளி ஒருவன் கையை வீசிக் கத்திக்கொண்டே ஓடி வந்தான். ஹுலியோ அவசரமாக அதையும் ஆங்கிலத்தில் சொன்னான்.

அவள் வாயைத் திறந்தாள்.

"தொடப்படாதாம் மாமா."

கஸ்பார் சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார். காவலாளியைப் பார்த்துக் கும்பிட்டார். 

"போன்ல என்னம்மா சொல்லுதான்?"

"வெளிய போயிருவோம் மாமா."

கடற்கரைக்கு வந்தார்கள். ஒரு மரம் கிடையாது. பாலைவனம் அப்படியே இறங்கிவந்து தண்ணீரைத் தொட்டது. கோரையில் கட்டிய சின்னப் படகுகளை மீனவர்கள் வரிசையாக நிமிர்த்திக் காயவைத்திருந்தார்கள். இத்தனை நாளும் தேடப் போன படகுகளில் அவையும் உண்டு.

காரில் வரும்போதே அவள் அவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சேர்த்துவைத்திருந்தாள். இரண்டு தடவை மனசுக்குள் சொல்லியும் பார்த்திருந்தாள்.

கஸ்பார் படகுகளைப் பார்த்தார். பக்கத்தில் குந்தியிருந்த மீனவர்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவன் அவர் முகத்தைப் பார்க்காமல் மண்ணைக் கிளறினான்.

"விட்டுட்டாங்களா?"

அவள் தலையாட்டினாள்.

அவர் நடந்துபோய் ஈரமணலில் நின்றார். தண்ணீர் வந்து காலில் ஏறியது. அந்தக் குளிரில் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. நகரவில்லை.

அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். தோளைத் தொடலாமா என்று தெரியவில்லை. தொடவில்லை.

இத்தனை நாளும் மூட்டம். இன்றுதான் வானம் தெளிந்திருந்தது. சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஊரில் அது கடலிலிருந்து எழும்பும். கஸ்பார் விளங்காதவர்போலப் பார்த்தார். பின்னால் திரும்பி மணல்மேடுகளைப் பார்த்தார். மறுபடி கடலை.

"எந்தப் பக்கம்மா கெடக்கு நம்ம ஊரு?"

கல்யாணமாகி வந்த நாள்முதல் அவள் அவரைப் பார்க்கிறாள். யாரிடமும் அவர் திசை கேட்டதில்லை.

அவளுக்குத் தெரியவில்லை. மாறி மாறி விமானம் ஏறியதில் இரவு எது பகல் எது என்பதே குழம்பியிருந்தது. பின்னால் பாலைவனம், அதற்குப் பின்னால் மலை. முன்னால் தண்ணீர்.

ஹுலியோ காரருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனிடம் கேட்கலாம்.

கேட்கவில்லை.

கையைத் தூக்கிக் கடலைக் காட்டினாள்.

கஸ்பார் அவள் விரல் போன திக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். சூரியன் முழுக்க இறங்கும் வரைக்கும்.

"அப்போ சரி," என்றார். "வந்து சேந்துருவான்."