ஜில்லென்ற புட்டி

கொதிகலன் தண்ணீரிலுள்ள சிலிக்கா நீராவியோடு போய் டர்பைன் தகடுகளில் கண்ணாடிபோல் படியும். ஆய்வகத்தில் இசக்கிசெல்வி சோதித்த நீராவி மாதிரிகளெல்லாம் சுத்தமாகவே இருந்தன. ஆனால் போன மாதம் பிரித்த டர்பைனில் வெள்ளையாகப் படிந்திருந்தது. வேலை போகுமென்று அவளைத்தான் மிரட்டினார்கள்.

இன்று ஆபரேட்டர் ஆரோக்கியம் கொண்டுவந்த புட்டி ஜில்லென்றிருந்தது. மாதிரி பிடிக்கும் குழாயைக் குளிர்விக்கும் தண்ணீரைப் பழுதுபார்ப்பதற்காகக் காலையிலேயே அடைத்துவிட்டார்கள். அங்கே பிடித்திருந்தால் புட்டி கையைச் சுட்டிருக்கும்.

“அண்ணாச்சி, இது நீராவியில புடிச்சதுதானா?”

“பின்ன, அடிபம்புலயா அடிச்சேன்? நம்பலன்னா குடிச்சுப் பாரு தாயி.”

“வாங்க, எங்கண்ணு முன்னால இன்னொண்ணு புடிங்க.”

சிரித்துக்கொண்டே வந்தவர் குழாயின் முன் நின்றார். வால்வை நோக்கிப் போன கை, அனல் பட்டுப் பாதியில் நின்றது.

“கிளவுஸ் இருக்கா தாயி?”