சாப்பாட்டு மேசையில் ஒரு ரயில்

சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது வட்டத் தண்டவாளம். சாப்பாட்டு நேரத்துக்குள் பொம்மை ரயில் ஒரு சுற்றாவது ஓடாவிட்டால் எல்லாம் பரணுக்குப் போகும் என்பது மனைவியின் தீர்ப்பு. கப்பல் கட்டும் துறையில் வெல்டராக இருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மின்சாரப் பெட்டியின் குமிழைத் திருகுகிறார். விரல் நீள எஞ்சின் முனகிக்கொண்டு கிளம்பி, ஜன்னல் வெயில் விழும் வளைவில் நாலாவது முறையாக நின்றுபோகிறது. "மாமா, இது ரயிலா, தள்ளுவண்டியா?" என்கிறான் மனைவியின் தம்பி. "சும்மா இருடா." தீத்தழும்பு விழுந்த விரலின் நகத்தால் அந்த இடத்தைத் தடவுகிறார். இணைப்புத் துண்டுக்குள் நுழைய வேண்டிய தண்டவாளம் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஊரார் பற்றவைத்ததில் மயிரிழை விரிசலைக்கூடக் கண்டுபிடிப்பவருக்குத் தன் கைவேலையில் இது தெரியாமல் போயிருக்கிறது. கழற்றிச் சரியாகச் செருகிவிட்டுக் குமிழைத் திருகுகிறார். எஞ்சின் மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு வளைவைத் தாண்டுகிறது, புறப்பட்ட இடத்துக்கு வருகிறது, நிற்காமல் மறுபடியும் போகிறது. கப்பலையே கடலில் இறக்கிவிட்டவர் போல இடுப்பில் கைவைத்து நிற்கிறார் வெல்டர். தட்டுகளோடு வரும் மனைவி, ரயில் தன் பக்கத்தைக் கடக்கும்வரை நின்று பார்க்கிறாள். "மேசையை ஒழிச்சுத் தரட்டுமா?" என்கிறார். "ஓடுறதை எதுக்கு நிறுத்தணும்?" என்றபடி தட்டுகளைத் தரையில் வைக்கிறாள் அவள்.