கயிற்றின் கடைசி ஆள்

சேற்று ஷூவோடு வார்டுக்குள் நுழைந்தேன்.

வாசலில் காவலாளி, "கழட்டிட்டுப் போம்மா" என்றார். காதில் விழாதவள்போல் நடந்தேன். தரை துடைக்கும் அக்காவிடம் பிறகு திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். ஆபரேஷன் முடிந்ததிலிருந்து இப்படித்தான். யாரோடும் ஒரு வார்த்தை இல்லை. சாப்பாட்டைக் கொண்டுபோனால் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். இதற்கு என்னிடம் மருந்தில்லை என்று டாக்டரே கையை விரித்துவிட்டார்.

துணைக்கு இருந்த சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தலையில் ஒட்டிய கலர்க் காகிதத் துணுக்குகள், சேறு அப்பிய சட்டை, சிராய்த்த முழங்கை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவள் ஷூவைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"அக்கா ஷூவையாடி மாட்டிக்கிட்டு வந்திருக்க? இந்த நேரத்துலயா? உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

அம்மாவுடைய ஷூதான். எனக்கு இரண்டு அளவு பெரிசு. நான் தையல்காரி. வெட்டி விழுந்த துண்டுத் துணியை முன்னால் திணித்துப் போட்டிருந்தேன்.

இன்று எங்கள் தெருவின் ஆண்டு விழா. காலையிலிருந்து மைக் செட் அலறுகிறது. பலூன், பாட்டு, ஓட்டப் பந்தயம் எல்லாம் உண்டு. ஆனால் கூட்டம் அம்முவது எங்கள் பெண்களும் பின்தெருப் பெண்களும் கயிறு இழுப்பதைப் பார்க்கத்தான். கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றி, இடது குதிகாலை மண்ணில் குத்தி, பின்னால் சாய்ந்து நிற்பாள் அம்மா. மாடி மாடியாகத் தண்ணீர் கேன் தூக்கிப் போடுகிறவள். பின்தெருவே திரண்டு வந்தாலும் அவளை அசைக்க முடிந்ததில்லை.

அவள் இல்லாமல் இந்த வருஷம் கயிறு வேண்டாம் என்றார்கள் எங்கள் தெருப் பெண்கள். துக்கம் விசாரிக்க வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கம்மா ஒண்ணும் செத்துப்போகல. கடைசியில நான் நிக்கிறேன்" என்றேன்.

சிரித்தார்கள். என் கால் தையல் மிஷினைத் தவிர வேறெதையும் மிதித்து அறியாதது. சிரிக்கட்டும். அந்த ஷூவை மாட்டிக்கொண்டு போய் நின்றால் கோபத்திலாவது அம்மா வாயைத் திறப்பாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சித்தி இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலைச் சுற்றிப் போய், சுவரோரச் சந்தில் உடம்பை நுழைத்து, அம்மாவின் முகத்துக்கு நேராக நின்றேன். இனி எங்கே திரும்புவாள், பார்க்கலாம்.

அவள் கண் என் சட்டையில் நின்றது. முன்பக்கம்தான் சேறு. கழுத்திலிருந்து முழங்கால் வரை.

"தோத்துட்டீங்களா?"

குரல் கரகரத்தது. சித்தி திட்டுவதைப் பாதியில் நிறுத்தினாள்.

"தோத்துட்டோம்."

"கயித்த விட்டியா?"

"விடல. குப்புற விழுந்துட்டேன். அப்படியே கோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போனாங்க."

உள்ளங்கைகளை விரித்துக் காட்டினேன். தோல் வழன்று சிவந்திருந்தன. நல்லவேளை, அவள் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை.

"எந்தக் கால ஊனி நின்ன?"

"இடது கால. உன்ன மாதிரியே."

அம்மா ஏதோ கணக்குப் போடுகிறவள்போல் என் இடது ஷூவைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிப் போர்வையைப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கம் அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

வலது பாதம் போர்வையை முட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கம், முழங்காலுக்குக் கீழே, போர்வை தட்டையாகக் கிடந்தது.

நான் அழவில்லை. கயிற்றைப் பிடித்தபோதே அதை முடிவு செய்திருந்தேன்.

"சாப்பாட்ட எடு" என்றாள் சித்தியிடம்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இடது ஷூவ நீயே வச்சுக்கோ. வலத மட்டும் நல்லாக் கழுவி இந்தக் கட்டிலுக்கு அடியில கொண்டாந்து வை. அடுத்த வருஷம் அந்தக் கால ஊனிப் பாக்கறேன்."